தண்ணீரே கடிகாரம்: அம்மாவோடு ஜப்பானில் ஆறு நாட்கள்

முதல் நாள்: இக்கேதா

காலையில் கன்சாய் விமான நிலையத்தில் இறங்கினோம். ஒசாக்காவில் பெட்டிகளைப் போட்டுவிட்டு நேராக இக்கேதாவுக்கு ரயில் ஏறிவிட்டோம். நானும் அம்மாவும் மட்டும்தான். கோயில், செர்ரிப்பூ, ஃபியூஜி மலை எல்லாம் வழியில் தென்பட்டால் சரி. தேடிப் போவதாக இல்லை. எனக்குப் பார்க்க வேண்டியது ஒரு பத்தாண்டு. 1954 வாக்கில் தொடங்கி 1964இல் முடிவது. 1945இல் இந்த நாட்டின் பெரிய நகரங்களில் பெரும்பாலானவை சாம்பலாகக் கிடந்தன. இருபது வருடம் முடிவதற்குள் உலகத்திலேயே வேகமான ரயில் இங்கே ஓடியது. நடுவில் அடுப்படிகளில் என்ன நடந்தது என்று பார்க்க எனக்கு ரொம்ப நாளாக ஆசை.

அதற்கு அம்மாவைவிட நல்ல துணை கிடையாது. அருப்புக்கோட்டைப் பக்கத்தில் முப்பது வருடம் சத்துணவுச் சமையலராக இருந்தவர். விறகு அடுப்பில் தினமும் நூறு பிள்ளைகளுக்குச் சோறு வடித்த கை அது.

இக்கேதாவில்தான் ஆண்டோ மோமோஃபுக்கு உடனடி நூடுல்ஸைக் கண்டுபிடித்தார். தைவானில் பிறந்தவர். அவர் தலைவராக இருந்த கடன் சங்கம் நொடித்துப்போய், நாற்பத்தேழு வயதில் குடியிருந்த வீடு தவிர எல்லாம் போனது. வீட்டுக்குப் பின்னால் ஒரு கொட்டகை போட்டு, ஒரு வருடம் அதற்குள்ளேயே கிடந்து பாடுபட்டிருக்கிறார். அந்தக் கொட்டகையை அருங்காட்சியகத்தில் அப்படியே கட்டி வைத்திருக்கிறார்கள். பலகைச் சுவர், அடுப்பு, வாணலி. பெரிய கருவி எதுவும் இல்லை. வேகவைத்த நூடுல்ஸை எண்ணெயில் பொரித்தால் உள்ளே இருக்கும் ஈரம் வெடித்து வெளியேறி, நூல் முழுக்க நுண்ணிய துளைகள் விழும். சுடுதண்ணீர் ஊற்றினால் அதே துளைகள் வழியாகத் தண்ணீர் உள்ளே போய் இரண்டு நிமிடத்தில் மெத்தென்று ஆகிவிடும். நான் விளக்கி முடிப்பதற்குள் அம்மா, "வத்தல் பொரிக்கிற கணக்குத்தான்" என்றார்.

1958 ஆகஸ்ட் 25 அன்று விற்பனைக்கு வந்தது. ஒரு பொட்டலம் 35 யென். ஒரு கட்டு உடோன், அதாவது தடித்த கோதுமை நூடுல்ஸ், அப்போது 6 யென்தான். அப்படியும் விற்றுத் தீர்ந்தது. இதற்குப் பின்னால் அமெரிக்கக் கோதுமை இருக்கிறது. போர் முடிந்ததும் பஞ்சம். உதவியாகக் கோதுமை மாவு கப்பல் கப்பலாக வந்தது. பள்ளிப் பிள்ளைகளுக்கு ரொட்டியும் பால் பவுடர் கரைத்த பாலும் கொடுத்தார்கள். மாவை ஏன் ரொட்டியாகவே தின்ன வேண்டும், நம் வாய்க்குப் பழகிய நூடுல்ஸாக ஏன் ஆகக்கூடாது என்று ஆண்டோ யோசித்தார். அம்மா இந்த இடத்தில் நின்றுவிட்டார். அவரும் பிள்ளையாக இருக்கும்போது பள்ளியில் அமெரிக்கக் கோதுமை ரவை உப்புமாவும் பவுடர் பாலும் சாப்பிட்டவர்தான். "அந்தப் பால் வாசனை எனக்கு ஒத்துக்கவே இல்ல. ஆனா பசிக்குக் குடிச்சோம்."

நம் கையாலேயே மாவு பிசைந்து நூடுல்ஸ் செய்யும் வகுப்புக்கு முன்பே பதிந்திருந்தேன். எங்கள் மேசைக்கு உதவ வந்த பெண், அம்மா மாவை உருட்டிய வேகத்தைப் பார்த்துப் பக்கத்து மேசைக்காரர்களையும் கூப்பிட்டுக் காட்டினாள். அம்மாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு.

இரண்டாம் நாள்: சுயிட்டா

மழை. 1970 உலகக் கண்காட்சி நடந்த திடல் இப்போது பெரிய பூங்கா. ஆறே மாதத்தில் 6 கோடியே 42 லட்சம் பேர் வந்து போயிருக்கிறார்கள். நாட்டின் மக்கள்தொகையே அன்று பத்துக் கோடியைச் சற்றுத் தாண்டியதுதான். பெரும்பாலானவற்றை இடித்த பிறகும் ஒக்கமோட்டோ தாரோவின் சூரியக் கோபுரம் நிற்கிறது. 70 மீட்டர். நெஞ்சில் ஒரு முகம், உச்சியில் பொன்முகம், முதுகில் கறுப்புச் சூரியன். வளர்ச்சியைக் கொண்டாடக் கூடிய கூட்டத்தின் நடுவே ஆதிமனிதன் வனைந்த பொம்மையைப் போல ஒன்றை நிறுத்த ஒரு கலைஞனுக்குத் துணிச்சல் வந்திருக்கிறதே என்று எனக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. ஆனால் நான் தேடிவந்த பத்தாண்டு இதற்கு முந்தையது. குடையோடு ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத் திரும்பிவிட்டோம்.

மூன்றாம் நாள்: ரயில், பிறகு உவெனோ

ஷின்-ஒசாக்காவில் ஏறி இரண்டரை மணி நேரத்தில் தோக்கியோ. 1958இல் இதே ஊர்களுக்கு நடுவே ஓடிய 'கொதாமா' என்ற விரைவு ரயிலுக்கு 6 மணி 50 நிமிடம் ஆனது. கொதாமா என்றால் எதிரொலி. காலையில் போய் வேலையை முடித்துவிட்டு அன்றைக்கே திரும்பலாம் என்பதால் அந்தப் பெயர். 1964 அக்டோபர் 1 அன்று ஷின்கன்சென் என்ற புல்லட் ரயில் வந்தபோது அதன் வேகமான வண்டிக்கு 'ஹிக்காரி' என்று பெயர் வைத்தார்கள். ஒளி. பயணம் நான்கு மணி நேரமாகச் சுருங்கியது. ஒன்பது நாள் கழித்து தோக்கியோ ஒலிம்பிக் தொடங்கியது.

இந்தப் பாதைக்கு உலக வங்கி 8 கோடி டாலர் கடன் கொடுத்தது. அன்று கடன் வாங்கி ரயில் விட்ட நாடு கொடுத்த கடனில்தான் இன்று சென்னை மெட்ரோ ஓடுகிறது. இதைச் சொன்னபோது அம்மா, "வாங்கின கடனை அடைச்சிட்டாங்களா?" என்று கேட்டார். 1981இல் அடைத்துவிட்டார்கள்.

தோக்கியோ நிலையத்தில் 18, 19ஆம் நடைமேடையின் தெற்குக் கோடிவரை நடந்தோம். அங்கே சோகோ ஷின்ஜியின் முகம் பதித்த பலகை இருக்கிறது. தேசிய ரயில்வேயின் தலைவராக இருந்து, யாரும் நம்பாத காலத்தில் இந்தப் பாதையைக் கொண்டுவந்தவர். செலவு போட்ட கணக்கைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்காகிவிட, 1963இல் பதவி விலக வேண்டியதாயிற்று. தலைமைப் பொறியாளர் ஷிமா ஹிதேயோவும் அவரோடு விலகிவிட்டார். முதல் ரயிலுக்கு ரிப்பன் வெட்டியபோது அந்த நடைமேடையில் இவர்கள் இருவரும் இல்லை. ஒரு பூ மலர்ந்தால் உலகெங்கும் வசந்தம் என்ற வரி பலகையில் அவர் கையெழுத்தாகவே இருக்கிறது. அதைத் தாண்டி ரயில்கள் சில நிமிடத்துக்கு ஒன்றாக வந்து போய்க்கொண்டே இருக்கின்றன. எனக்குத் தொண்டை அடைத்தது.

சாயங்காலம் தோக்கியோவின் உவெனோ நிலையம். மார்ச் கடைசி என்பதால் பூங்காவில் செர்ரிப்பூக் கூட்டம். நாங்கள் நிலைய வாசலிலேயே நின்றோம். 1954இலிருந்து 1975 வரை, இதே மார்ச் மாத வாக்கில், வடக்கே அவோமோரி, அகிதா, இவாத்தே பக்கத்துக் கிராமங்களிலிருந்து தனி ரயில்கள் இங்கே வந்தன. அவற்றில் வந்தவர்கள் பதினைந்து வயதுப் பிள்ளைகள். நடுநிலைப் பள்ளி முடித்த கையோடு, பள்ளிச் சீருடையிலேயே, கையில் ஒரு பையோடு. கடைகளும் சிறு பட்டறைகளும் நூற்பாலைகளும் இவர்களுக்காகக் காத்திருந்தன. 'தங்க முட்டைகள்' என்று பெயர் சூட்டினார்கள். சம்பளம் குறைவு, வேலை கற்கிற வயது, தங்குவது முதலாளி கொடுக்கும் இடத்தில். முட்டை முதலாளிகளுக்குத்தான் தங்கம். ரயில் எஞ்சினையும் பிள்ளைகள் கூட்டத்தையும் வார்த்த நினைவுச் சின்னம் ஒன்று வாசலில் இருக்கிறது.

அம்மா அந்தச் சின்னத்தில் இருந்த பிள்ளைகளை ரொம்ப நேரம் பார்த்தார். எங்கள் ஊரிலும் பத்தாவது முடித்த பெண்பிள்ளைகளை மில் வேன் வந்து ஏற்றிக்கொண்டு போகும். அந்த வேன் போகிற தெருவில்தான் எங்கள் வீடு. "முதல் மாசம் எல்லாம் அழும். அப்புறம் பழகிடும்னு சொல்லுவாங்க. பழகினது யாருன்னு யாருக்குத் தெரியும்" என்று மட்டும் சொன்னார்.

நான்காம் நாள்: மட்சுதோ

இந்தப் பயணத்துக்கு நான் வந்ததே இந்த ஒரு நாளுக்காகத்தான் என்று இப்போது தோன்றுகிறது.

தோக்கியோவுக்குக் கிழக்கே, சிபா மாகாணத்தில் மட்சுதோ. அந்த ஊர் அருங்காட்சியகத்துக்குள் ஒரு வீட்டையே கட்டி வைத்திருக்கிறார்கள். பக்கத்திலிருக்கும் தோக்கிவதைரா 'தான்ச்சி'யில், அதாவது அடுக்குமாடிக் குடியிருப்பில், 1960களின் தொடக்கத்தில் ஒரு வீடு எப்படி இருந்ததோ அப்படியே. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போகலாம்.

வீடில்லாமல் தவித்த நகரங்களுக்காக அரசாங்கம் 1955இல் வீட்டு வசதிக் கழகம் ஒன்றைத் தொடங்கியது. அவர்கள் கட்டிய வீட்டுக்கு '2டிகே' என்று பெயர். இரண்டு அறை, அதோடு சாப்பாட்டு மேசை போடக்கூடிய ஒரு அடுப்படி. கேட்பதற்குச் சாதாரணம். ஆனால் அதுவரை ஒரே அறையில் பாயைச் சுருட்டி வைத்துவிட்டுத் தாழ்மேசை போட்டுச் சாப்பிட்டு, பிறகு அதே இடத்தில் படுத்தவர்கள் ஏராளம். சாப்பிடும் இடம் வேறு, படுக்கும் இடம் வேறு என்பதே ஒரு பெரிய கொள்கையாக இருந்தது. அடுப்படியும் வழக்கமாக வீட்டின் வடக்கு மூலையில், குளிரிலும் இருட்டிலும் இருக்கும். பெண்கள் அங்கே ஒதுங்கி நிற்பதே பழைய நிலவுடைமைப் புத்தி என்று எழுதியவர் ஹமகுச்சி மிஹோ என்ற பெண் கட்டடக் கலைஞர். தான்ச்சி அடுப்படிக்கு வடிவம் கொடுத்தவர்களில் அவரும் ஒருவர். ஒரே தகட்டில் அழுத்தி எடுத்த துருப்பிடிக்காத எஃகுத் தொட்டி இந்த வீடுகளால்தான் நாடெங்கும் பரவியது.

அம்மா அந்தத் தொட்டியின் முன்னால் போய் நின்று, பாத்திரம் கழுவுவது போலக் கையை வைத்துப் பார்த்தார். "எனக்கே கொஞ்சம் தாழ்வா இருக்கு. ஆனா குனிஞ்சு உட்கார வேணாம்ல." குத்துக்காலிட்டே முப்பது வருடம் அண்டா தேய்த்தவர். முழங்கால் வலி இன்றைக்கும் இருக்கிறது.

கண்ணாடி, வாள், மணிக்கல் ஆகிய மூன்றும் ஜப்பான் பேரரசரின் புனிதச் சின்னங்கள். அந்தப் பெயரையே எடுத்து, 1950களின் பிற்பகுதியில் கறுப்பு வெள்ளைத் தொலைக்காட்சி, சலவை இயந்திரம், குளிர்பதனப் பெட்டி இவற்றை 'மூன்று புனிதப் பொருள்கள்' என்றார்கள். 1959 ஏப்ரலில் பட்டத்து இளவரசர் திருமணம். மணமகள் மாவு ஆலைக் குடும்பத்துப் பெண். ஊர்வலத்தைப் பார்க்கவே வீடுகள் தொலைக்காட்சி வாங்கின. அந்த மாதம் இணைப்புகள் 20 லட்சத்தைத் தாண்டின.

ஆனால் எங்களை நிறுத்தியது அடுப்படியில் இருந்த ரைஸ் குக்கர். தோஷிபா இதை 1955 டிசம்பரில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. உருவாக்கியவர் மினாமி யோஷிததா, சிறு பட்டறை வைத்திருந்தவர். அரிசி எப்போது வெந்து முடிகிறது என்பதைப் பிடிக்க அவர் மனைவி ஃபுமிக்கோ குளிரிலும் வெயிலிலும் சோறு பொங்கிப் பொங்கிக் குறித்து வைத்தார். கடைசியில் அவர்கள் கண்ட வழி இது. உள்பாத்திரத்தில் அரிசி. வெளிப்பாத்திரத்தில் ஒரு குவளைத் தண்ணீர். அது கொதித்து ஆவியாகித் தீர இருபது நிமிடம் ஆகும். தண்ணீர் இருக்கும்வரை சூடு நூறு டிகிரியைத் தாண்டாது. தீர்ந்த உடனே சூடு ஏறும்; இரண்டு உலோகம் ஒட்டிய பட்டை ஒன்று வளைந்து மின்சாரத்தை நிறுத்திவிடும்.

"அப்ப தண்ணிதான் கடிகாரம்" என்றார் அம்மா. கொஞ்ச நேரம் கழித்து, "நம்ம வடிக்கிற சோத்துக்கு இது ஆகாது. கஞ்சியை யார் வடிப்பா? இவங்க சோறு தண்ணியைக் குடிச்சே வேகுது, அதான் சரியா வந்திருக்கு" என்றார். அப்புறம் ஒரு கேள்வி கேட்டார்: "ஏம்மா, மிச்சமான நேரத்துல அந்தப் பொம்பளைங்க என்ன செஞ்சாங்க?"

நல்ல பதில் என்னிடம் இல்லை. தெரிந்ததைச் சொன்னேன். நிறையப் பேர் பகுதிநேர வேலைக்குப் போனார்கள். அந்தச் சம்பளத்தில் அடுத்த பொருளுக்குத் தவணை கட்டினார்கள். 1960களின் நடுவில் கார், குளிர்சாதனம், வண்ணத் தொலைக்காட்சி என்று அடுத்த மூன்று வந்துவிட்டன.

அங்கே எண்பதைத் தாண்டிய ஒரு பாட்டி தனியாக வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். இதே மாதிரி வீட்டில்தான் கல்யாணமாகிக் குடிபோனாராம். கைபேசி மொழிபெயர்ப்பை நடுவில் வைத்து அம்மாவும் அவரும் பேசினார்கள். அந்த வீட்டில் எது ரொம்பப் பிடித்தது என்று அம்மா கேட்கச் சொன்னார். சலவை இயந்திரம் என்று நான் எதிர்பார்த்தேன். பாட்டி வாசற்கதவைக் காட்டினார். சாவி. முன்பு இருந்த வீட்டில் எப்போதும் ஒருவர் காவலுக்கு இருக்க வேண்டும், அது எப்போதும் மருமகள்தான். இங்கே கதவைப் பூட்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டு கணவனோடு சினிமாவுக்குப் போனாராம். அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

மதியம் தோக்கிவதைராவுக்கே போனோம். 1960இல் முதல் குடும்பங்கள் வந்த இடம். ஏறத்தாழ 4,800 வீடுகள். ஒரு காலத்தில் குலுக்கலில் விழுந்தால்தான் கிடைக்கும். சாலையின் இருபுறமும் செர்ரி மரங்கள் பூத்து நிற்கின்றன. பெஞ்சுகளில் வயதானவர்கள். இந்தக் குடியிருப்பின் பெயர் 2000இல் செய்தியில் வந்தது. 69 வயது மனிதர் ஒருவர் வீட்டுக்குள் இறந்து மூன்று வருடம் கழித்துத்தான் கண்டெடுக்கப்பட்டார். அதுவரை வாடகை வங்கியிலிருந்து தானாகப் போய்க்கொண்டிருந்தது. சேமிப்பு தீர்ந்த பிறகுதான் ஆள் வந்து பார்த்தார்கள். அதன்பின் இங்கே வசிப்பவர்களே தனிமைச் சாவைத் தடுக்க அமைப்பாகக் கூடி, ஒருவரை ஒருவர் கவனித்துக்கொள்கிறார்கள்.

பாட்டி சொன்ன சாவியையும் இந்தப் பூட்டிய கதவையும் சேர்த்து நினைத்துக்கொண்டே திரும்பி வந்தேன். இரவு இரண்டு மணி ஆகிறது. இன்னும் தூக்கம் வரவில்லை.

ஐந்தாம் நாள்: நிஹோன்பாஷி

கால்வலி என்று அம்மா விடுதியில் தங்கிவிட்டார். நான் மட்டும் நிஹோன்பாஷி போய் வந்தேன். 1911இல் கட்டிய அழகான கல்பாலம். நாட்டின் சாலைத் தூரங்களுக்குத் தொடக்கப் புள்ளி. ஒலிம்பிக்குக்கு முன் விரைவுச்சாலை போட்டாக வேண்டும், நிலம் வாங்க நேரமில்லை. ஆற்றுக்கும் கால்வாய்களுக்கும் மேலேயே தூண் நட்டுவிட்டார்கள். 1963இலிருந்து பாலத்தின் தலைக்கு மேல் கான்கிரீட் கூரை. விளக்குக் கம்பங்களில் இருக்கும் கிரின் என்ற புராண விலங்கின் சிலைகள் அதற்கு அடியில் இறக்கை விரித்து நிற்கின்றன. இப்போது அந்தச் சாலையைத் தரைக்கு அடியில் கொண்டுபோகும் வேலை நடக்கிறது. 2040 வாக்கில்தான் மேலே உள்ளது முழுக்க அகலுமாம்.

பாலத்தில் நின்றபோது 1956 நினைவுக்கு வந்தது. அந்த வருடப் பொருளாதார வெள்ளை அறிக்கை, "இது இனிமேல் போருக்குப் பிந்தைய காலம் அல்ல" என்று எழுதியது. நாடே அந்த வரியைத் திரும்பத் திரும்பச் சொன்னது. அதே வருடம் மே 1 அன்று தெற்கே மினமாத்தாவில், காரணம் புரியாத நரம்பு நோய் பிள்ளைகளைத் தாக்கியிருப்பதாக மருத்துவமனை அரசுக்குத் தெரிவித்தது. சிஸோ என்ற ரசாயன ஆலை கடலில் விட்ட பாதரசம் மீன் வழியாக மீனவக் குடும்பங்களின் தட்டுக்கு வந்திருந்தது. அந்த ஆலை தயாரித்த அசிட்டால்டிஹைடு பிளாஸ்டிக்கை வளைய வைக்கும் பொருளுக்கு மூலம். நேற்றுப் பார்த்தது போன்ற அடுப்படிகளுக்கெல்லாம் பிளாஸ்டிக் வந்துகொண்டிருந்த காலம் அது. காரணம் இதுதான் என்று அரசு ஒப்புக்கொண்டது 1968இல். பன்னிரண்டு வருடம் காத்திருக்க வைத்ததை என்னால் மன்னிக்க முடியவில்லை.

ஆறாம் நாள்: யூமெனோஷிமா

பெயருக்குப் பொருள் கனவுத் தீவு. தோக்கியோ விரிகுடாவில் 1957இலிருந்து பத்து வருடம் நகரத்துக் குப்பையைக் கொட்டி உருவான நிலம். வீடுதோறும் புதுப்பொருள் வந்தால் பழையது எங்காவது போக வேண்டுமே. 1965 கோடையில் இங்கிருந்து ஈக்கள் கூட்டம் கூட்டமாகக் கிளம்பி எதிர்க்கரையில் இருந்த கோத்தோ வார்டின் பள்ளிகளுக்கும் வீடுகளுக்கும் புகுந்தன. கடைசியில் குப்பைமேட்டில் எண்ணெய் ஊற்றிக் கொளுத்தித்தான் அடக்கினார்கள். இப்போது யூக்கலிப்டஸ் மரங்களும் விளையாட்டுத் திடலும் இருக்கும் பூங்கா.

அந்தக் குப்பையிலிருந்து மீட்ட படகு ஒன்று இங்கே ஒரு கூடத்துக்குள் நிற்கிறது. தாயிகோ ஃபுக்குர்யூ மாரு. ஐந்தாவது அதிர்ஷ்ட டிராகன் என்று பொருள். 1947இல் கட்டிய மரப்படகு, சுமார் முப்பது மீட்டர் நீளம். 1954 மார்ச் 1 அன்று பிக்கினி தீவில் அமெரிக்கா ஹைட்ரஜன் குண்டைச் சோதித்தபோது தூரத்தில் சூரை மீன் பிடித்துக்கொண்டிருந்தது. வெள்ளைச் சாம்பல் பனி போலப் படகின் மேல் விழுந்தது. இருபத்து மூன்று பேருக்கும் கதிர்வீச்சு நோய். படகில் கம்பியில்லாத் தந்தியை இயக்கிய குபோயாமா ஐக்கிச்சி செப்டம்பரில் இறந்தார், நாற்பது வயதில். பிறகு படகைச் சுத்தம் செய்து, பெயரை மாற்றிப் பயிற்சிக் கப்பலாக ஓட்டினார்கள். 1967இல் கழித்துக்கட்டி, எஞ்சினைப் பிரித்து விற்றுவிட்டு, உடலை இந்தக் குப்பையில் விட்டுவிட்டார்கள். அடுத்த வருடம் ஓர் இளைஞர் இதைப் பார்த்துப் பதறி நாளிதழுக்குக் கடிதம் எழுத, படகைக் காக்க ஒரு இயக்கமே எழுந்தது. 1976இல் இந்தக் கூடம் திறந்தது.

அம்மா படகின் பலகைகளைச் சுற்றிச் சுற்றி வந்தார். நான் சுகினாமி பெண்களைப் பற்றிச் சொன்னேன். கதிர்வீச்சு ஏறிய மீன் சந்தைக்கு வந்ததும் ஊரெல்லாம் மீன் வாங்கவே பயந்தது. தோக்கியோவின் சுகினாமி வார்டில் மீன்கடைக்காரர்களும் வீட்டுப் பெண்களும் அணுகுண்டுச் சோதனைக்கு எதிராகக் கையெழுத்து வாங்கத் தொடங்கினார்கள். அடுத்த ஆண்டுக்குள் நாடு முழுக்க மூன்று கோடிக்கும் மேல் சேர்ந்துவிட்டது. வீடு வீடாகக் காகிதத்தோடு ஏறி இறங்கியவர்களில் பெரும்பாலோர் பெண்கள்.

"அப்ப இவங்ககிட்ட அந்தக் குக்கர் இருந்துச்சா?" என்றார் அம்மா.

இல்லை. 1954. குக்கர் வர இன்னும் ஒன்றரை வருடம் இருந்தது. சலவை இயந்திரமும் வெகு சில வீடுகளில்தான்.

"அப்ப துணியையும் துவைச்சுப் போட்டுட்டு, உலையையும் பார்த்துக்கிட்டுத்தான் போயிருக்காங்க." வேறொன்றும் சொல்லவில்லை. வெளியே குபோயாமாவின் நினைவுக்கல்லுக்கு முன் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார்.

பக்கத்திலேயே வெப்பமண்டலத் தாவரங்களுக்கு ஒரு கண்ணாடி மாளிகை. பக்கத்துக் குப்பை எரிஉலையிலிருந்து வரும் வெந்நீரில்தான் அதைச் சூடாக வைத்திருக்கிறார்கள். ஆறு நாள் குளிருக்குப் பிறகு உள்ளே நுழைந்ததும் நம் ஊர்க் காற்று முகத்தில் அடித்தது. அம்மா ஸ்வெட்டரைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு விறுவிறுவென்று முன்னால் போனார். ஒரு வாழைக்குக் கீழே நின்று நிமிர்ந்து பார்த்தார்.

"காத்தே படாத இடம். இலை ஒரு கிழிசல் இல்லாம இருக்கு பாரு" என்றார். கண்ணாலேயே அளந்தார். "இந்த ஒரு இலையில நாலு பேருக்குச் சாப்பாடு போடலாம்."